உடைந்தது என் ஸ்பிரிங்

சலீம் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கறுத்த எண்ணெய். நடுவில் இரண்டு துண்டாக ஒரு வால்வு ஸ்பிரிங்.

“பாபி, இத்தப் பாருங்க. உங்க ஸ்பிரிங்குதான்.”

பொங்கல் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் நின்றுகொண்டிருந்தோம். கருகிய ரப்பர் நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் ஒரு பக்கம். பக்கத்துக் கொட்டகையில் யாரோ பிரித்த எலுமிச்சை சாதத்தின் வாசனை இன்னொரு பக்கம். என் கணவர் ரகு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். இடது முழங்கையில் கட்டு. எங்கள் பத்மினி கார் பானெட்டைத் திறந்துகொண்டு எதிரே நின்றது.

பாதி ரேஸ் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு வளைவில் இன்ஜினுக்குள் டகடகவென்று சத்தம் கேட்டிருக்கிறது. வேகம் சட்டென்று விழ, பின்னால் வந்த கார் உரசிவிட்டது. எங்கள் வண்டி ஒரு சுற்று சுற்றிப் புல்லில் ஏறி நின்றது. ரகுவுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவர் வாழ்க்கையில் ஓட்டிய முதல் ரேஸ் அது.

என்னை எப்போதும் ‘பாபி’, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் சலீம் குத்திப் பேசுகிறவர் இல்லை. ஆனாலும் “உங்க ஸ்பிரிங்கு” என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அத்தனை சாமான்கள் இருக்கிற வண்டியில் உடைந்தது நான் தேர்ந்தெடுத்தது. நான் வேலை பார்த்த கம்பெனியில், நானே முன்னால் நின்று சுற்ற வைத்தது. “இது நூறு ரேஸ் தாங்கும்” என்று ஊரெல்லாம் ஜம்பம் அடித்தவளும் நான்தான்.

கதவைச் சாத்தும் வேலை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். இன்றைக்குத்தான் பிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் கிண்டி எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில், சோதனைப் பிரிவில் இருந்தேன். ஸ்பிரிங்கை மிஷினில் மாட்டி அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, அது எப்போது உயிரை விடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் “பொண்ணு பாடுவாளா?” என்று கேட்டார்கள். ரகு மட்டும் “உங்க கம்பெனியில எந்தக் கம்பி உபயோகிக்கறேள்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொன்னால் அது பெரிய பொய் ஆகாது.

இன்ஜினுக்குள் வால்வு என்பது ஒரு சின்னக் கதவு. பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. கதவைத் திறப்பது கேம் என்கிற, மேடு மேடாக இருக்கும் தண்டு. அந்தத் தள்ளலை ஒரு நீளக் கம்பியும், ராக்கர் என்கிற சின்ன ஏற்ற இறக்கப் பலகையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கதவைச் சாத்துவது ஸ்பிரிங். டாக்டர் கிளினிக் கதவு நாம் கையை எடுத்ததும் தானாகச் சாத்திக்கொள்ளுமே, அதே வேலைதான். என்ன, இது கண் இமைப்பதற்குள் பல தடவை சாத்த வேண்டும்.

வீட்டு வண்டிக்கு அதனோடு வரும் ஸ்பிரிங்கே தாராளம். ரேஸ் வண்டியில்தான் தொல்லை. இன்ஜின் வேகம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் கதவை நேரத்துக்குச் சாத்த முடியாது. கதவு பாதி திறந்தபடி தொங்கும். கீழேயிருந்து பிஸ்டன் ஏறி வந்து அதன் மேல் முட்டும். முட்டினால் இன்ஜினை அள்ளித்தான் எடுக்க வேண்டும். அதனால் ரேஸ் ஆசை வந்தவர்கள் எல்லோரும் முதலில் ஓடிப்போய் வாங்குவது கெட்டி ஸ்பிரிங்.

சாப்பாட்டு மேஜையில் பஞ்சாயத்து

ரகுவும் சலீமும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். சலீமின் குடும்பத்துக்கு ராயப்பேட்டையில் லேத் பட்டறை. எங்கள் மந்தைவெளி வீட்டுப் பக்கத்தில் ஒழுகுகிற ஒரு கார் ஷெட் இருந்தது. அதில் அந்தப் பத்மினியை இருவரும் வருஷக்கணக்காகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த நானும் மெல்ல உள்ளே நுழைந்துவிட்டேன்.

வால்வு சாமான்களை முடிவு செய்ய வேண்டிய நாளும் வந்தது. அது ஆவணி மாதம். மேஜை மேல் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் இரண்டு வகை ஸ்பிரிங்குகள். ஒன்று, ரகு பம்பாயிலிருந்து வரவழைத்த வெளிநாட்டுச் சரக்கு. சிவப்புப் பெயின்ட் அடித்துக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இன்னொன்று புதுப்பேட்டையில் சலீம் சலித்து எடுத்தது, ஏதோ ஒரு பெரிய காரிலிருந்து கழற்றியது.

சலீம் பட்டறையில் ஸ்பிரிங் பலம் பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் குளியலறை மிஷினை டிரில்லிங் மிஷினுக்கு அடியில் வைப்பார். அதன் மேல் ஸ்பிரிங். மேலிருந்து கைப்பிடியை இறக்கினால், எவ்வளவு அமுங்கினால் எவ்வளவு கிலோ என்று முள் சொல்லிவிடும். எங்கள் கம்பெனியில் இதற்கென்றே ஜெர்மன் மிஷின் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்லின.

சிவப்பு ஸ்பிரிங்கைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அமுக்கியபோது எடை மிஷினின் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ரகுவுக்கு ஒரே சந்தோஷம்.

“இதான் வேணும். வால்வு தொங்கவே தொங்காது.”

“வால்வு தொங்காது. ஆனா இத்தனை பலத்தையும் எதிர்த்து யார் கதவைத் திறக்கறது?” என்றேன். “கேம் தேயும். தள்ளற கம்பி வளையும்.”

“அதையும் கெட்டியாப் போட்டுட்டா?”

“வெயிட் ஏறும். அந்த வெயிட்டை இழுத்துச் சாத்த இன்னும் கெட்டி ஸ்பிரிங் வேணும்.”

சலீம் சிரித்துவிட்டார். “ஒரு பொய்ய மறைக்க ஒம்போது பொய் சொல்ற கதையாக்கீது மச்சி.”

உறுதி என்றால் கெட்டி என்று நினைப்பது எல்லோருக்கும் வருகிற மயக்கம். சோதனைப் பிரிவில் உட்கார்ந்தால் அது மெல்லத் தெளியும். வரிசையாக இருக்கிற சாமான்களில் ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் அந்தப் பாரம் மறைந்துவிடாது. பக்கத்தில் இருப்பதன் தலையில் போய் உட்காரும்.

தி.நகரில் என் பிறந்த வீட்டில் அப்பா ரொம்பக் கெட்டி. சொன்னால் சொன்னதுதான். அவர் வளையாத இடத்திலெல்லாம் அம்மா வளைந்தாள். உறவுக்காரர்கள் அப்பாவை “இரும்பு மனுஷர்” என்று புகழ்வார்கள். அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே ரத்தக் கொதிப்பு. சிவப்பு ஸ்பிரிங்கை முதலில் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. இதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை.

வாக்குவாதம் இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் என் கட்சி ஜெயித்தது. இன்ஜின் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தோம். நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் கடைசி ஆயிரம் சுற்று வேண்டாம் என்று விட்டதில் ரகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரே கெட்டி ஸ்பிரிங்குக்குப் பதில், ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றியவை, அப்போதுதான் ஒன்றோடொன்று சிக்காது. ஸ்பிரிங்கின் தலையில் வைக்கும் தொப்பி அலுமினியத்தில் இருந்தால் லேசு. ஆனால் நாளாவட்டத்தில் ஸ்பிரிங் அதைத் தின்றுவிடும். எஃகுத் தொப்பியே போட்டோம். உள் ஸ்பிரிங் புதுப்பேட்டையிலிருந்து கிடைத்தது. வெளி ஸ்பிரிங் மட்டும் எதிலும் சரியாக அமையவில்லை.

எங்கள் கம்பெனி முதலாளி நல்ல மனிதர். “மிச்சக் கம்பியில சுத்திக்கோம்மா” என்றார். வால்வுக்கு ஒன்றாக எட்டு, சோதனைக்குச் சில. சுற்றி, சூடுபடுத்தி, அப்புறம் பொடி இரும்பு மணிகளை வேகமாக மேலே அடித்து மேல்தோலை இறுக்குவார்கள். ஸ்பிரிங்குக்கு உயிர் அதன் தோலில்தான் இருக்கிறது. வெடிப்பு எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். சோதனைக்கு வைத்தவை மிஷினில் நாள் கணக்காக அமுங்கி எழுந்தும் ஒன்றுகூட உடையவில்லை. எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, எட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஷெட் ஒழுகியதால் கூடத்து அலமாரியில் வைத்தேன்.

மாமியாரின் சம்மதம்

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரகு படித்துக்கொண்டிருந்தபோது மாமனார் அடையாறு பாலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இறந்துபோனார். முன் சக்கரத்து ஆக்ஸில் ஒடிந்து, சக்கரம் தனியாக ஓடியிருக்கிறது. ஏன் ஒடிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் மாமியார் இரண்டு சக்கர வண்டி எதிலும் ஏறியதில்லை. பெசன்ட் நகரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போவதென்றாலும் பஸ்தான். பஸ் பாலத்தில் போகும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

பிள்ளைக்கு ரேஸ் பைத்தியம் பிடித்ததை அவரால் தடுக்க முடியவில்லை. ஒரே ஒரு சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டார். “எத்தனை வேணும்னா கழட்டி மாட்டிக்கோ. ஆனா நான் மனசார சரின்னு சொல்ற வரைக்கும் நீ ரேஸ்ல உட்காரப்படாது.” ரகு அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். அவர் கட்டிய வண்டியை வேறு யாராவதுதான் ஓட்டுவார்கள். இவர் வெளியே நின்று கை தட்டிவிட்டு வருவார். பார்க்கிற எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை. எங்கள் கம்பெனியிலும் ஆயுத பூஜை, அதனால் நான் வீடு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ரகு வாசலிலேயே என் கையைப் பிடித்து பூஜை அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

புத்தகங்கள், வீட்டுக் கணக்குப் பேனா, என் பழைய ஸ்லைடு ரூல். அதற்கெல்லாம் முன்னால், பித்தளைத் தாம்பாளத்தில் என் எட்டு ஸ்பிரிங்கும் வட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சந்தனமும் குங்குமமும். விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று மின்னின.

மாமியார் பின்னால் வந்து நின்றார். “ரெண்டு பேரும் என்ன அப்படிப் பார்க்கறேள்? எட்டுன்னதும் அஷ்டலட்சுமின்னு தோணித்து, எடுத்து வெச்சேன். சரஸ்வதிகிட்ட சொல்லியாச்சு. இனிமே அவ பார்த்துப்பா. ஓட்டிக்கோடா.”

ரகு சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விஜயதசமி அன்று புனர்பூஜை முடிந்ததும் சந்தனத்தைத் துடைத்து, மறுபடி எண்ணெய் தடவி இன்ஜினில் மாட்டினார்கள்.

விட்டுடு

ரேஸ் முடிந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தோம். மாமியார் கட்டைப் பார்த்தார். கத்தவில்லை.

“என்னடா உடைஞ்சுது?”

“ஸ்பிரிங்மா.”

“நான் சாமிகிட்ட வெச்சேனே, அதுவா?”

ரகு தலையை ஆட்டினார். மாமியார் அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்தார். “பூஜை பண்ணின சாமானே உடைஞ்சுடுத்து. அவளுக்கு இஷ்டமில்லை. விட்டுடுடா” என்றார்.

“சரிம்மா” என்றார் ரகு. அவ்வளவுதான். மறுநாளே சலீமிடம் வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டார். வேளச்சேரியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ரகு என்னைக் குறை சொல்லவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. ஷெட்டுப் பக்கம் போகாமல் ஆபீஸ் விட்டு நேராக வந்து பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

திங்கட்கிழமை உடைந்த ஸ்பிரிங்கையும், சலீம் கழற்றிக் கொடுத்த மற்ற ஏழையும் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். உடைந்த பரப்பில் ஓரமாக ஒரு சின்ன இடம் மட்டும் வழவழவென்று இருந்தது, மீதி சொரசொரப்பு. வெடிப்பு அந்த வழவழப்பில் ஆரம்பித்து மெல்ல மெல்ல வளர்ந்து, ரேஸ் அன்று பட்டென்று விட்டிருக்கிறது. அதன் அடிவேரில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு குழி. மற்ற ஏழிலும் அதே மாதிரி குழிகள், கடைசிச் சுற்று அடுத்த சுற்றின் மேல் ஒட்டி உட்காரும் இடுக்கில். கம்பெனி அலமாரியில் மிச்சம் இருந்த அதே கம்பி ஸ்பிரிங்குகளில் ஒரு பொட்டுக் குழி கிடையாது.

ஏதோ ஒரு புளிப்பு அரித்திருக்கிறது. ஆசிட் மாதிரி. கம்பெனியை விட்டு வந்த பிறகுதான். சலீமுக்கு போன் செய்தேன்.

“அல்லா மேல சத்தியமா பாபி, ஆசிட்டு பாட்டிலே நம்ம பட்டறைல கெடையாது. பேட்டரி வேலகூட எடுக்கறதில்ல.”

வெள்ளிக்கிழமை விளக்கு

வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனேன். மாமியார் துணி துவைக்கும் கல் பக்கத்தில் உட்கார்ந்து குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிண்ணத்தில் ஊறிய புளி. நான் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “அம்மா, சரஸ்வதி பூஜைக்கு அந்த ஸ்பிரிங்கெல்லாம் எப்படிப் பளபளன்னு இருந்தது இல்லை?”

“பின்னே? ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. அப்படியே சாமிகிட்ட வைக்க முடியுமா? முதல் நாள் சாயங்காலமே புளித் தண்ணியில ஊறப்போட்டேன். கார்த்தால நன்னா தேய்ச்சு அலம்பினேன். பார்க்கவே அம்சமா இருந்தது.” சொல்லிவிட்டு முகம் வாடினார். “என்ன இருந்து என்ன?”

பித்தளைக்கு அமிர்தமான புளி, ஸ்பிரிங் எஃகுக்கு விஷம். மேலே அலம்பினாலும், அந்த இடுக்கில் தங்கியது தங்கியதுதான். அதன் மேல் எண்ணெய் தடவி மூடியும் வைத்தாயிற்று.

உடைந்தது என் குற்றமில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். தான் உடைத்த குடத்தை மாமியார் தலையில் கட்டினாள் என்று எனக்குப் பெயர் வரும். அது போகட்டும், பெயர் எப்படி வந்தால் என்ன. பிள்ளை பிழைத்ததே பெரிது என்று இருக்கிற அம்மாவிடம் போய், “உங்கள் கையால்தான் வந்தது” என்று சொல்லலாமா?

சாயங்காலம் ராயப்பேட்டைக்குப் போய் சலீமிடம் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“வாணாம் பாபி. அம்மாவாண்ட சொல்லாதீங்க. அது மனசு தாங்காது. வண்டி போனா இன்னா, வேற வண்டி கட்டிக்கினு போறோம்.”

“அவர் இனிமே எந்த வண்டியும் கட்டமாட்டார் சலீம். சாமி வேண்டாம்னுட்டான்னு அம்மா சொன்னதுக்கப்புறம் எப்படிக் கட்டுவார்?”

குற்றத்தை நானே ஏற்றுக்கொண்டு, கம்பி சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதும், சரஸ்வதி ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

புள்ளி

சனிக்கிழமை மத்தியானம் ரகு வெளியே போயிருந்தார். மாமியார் கூடத்தில் பேப்பர் விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, ஸ்பிரிங்குகளைக் கீரைக்குப் பக்கத்தில் வைத்தேன். லென்ஸை அவர் கையில் கொடுத்தேன்.

“அம்மா, இந்த இடுக்குல பாருங்கோ.”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “என்னடி இது, எறும்பு கடிச்சா மாதிரி புள்ளி?”

“புளிம்மா” என்றேன். ஆரம்பித்துவிட்டதால் நிறுத்தாமல் முழுக்கச் சொன்னேன். பித்தளைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், தோல், குழி, அதிலிருந்து கிளம்பும் வெடிப்பு. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மாமியார் ஒவ்வொரு ஸ்பிரிங்காக எடுத்து லென்ஸில் பார்த்தார். எட்டையும் பார்த்தார். தெருவில் கோலமாவுக்காரன் கூவிக்கொண்டு போனான்.

“அப்போ சாமி உடைக்கலை.”

“இல்லைம்மா.”

“நான்தான்.”

“தெரியாமப் பண்ணினதும்மா. யாருக்குமே தெரியாது. நானே எண்ணெயைத் துடைக்கப்படாதுன்னு…”

“அப்பாடா” என்றார் மாமியார்.

எனக்குப் புரியவில்லை. அவர் லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டார். “நான் பண்ணின காரியம்னா திருத்திக்கலாம்டி. அடுத்த தடவை புளி போடாம இருந்தாப் போறது. அவளே வேண்டாம்னுட்டான்னா நான் எங்கே போய் முட்டிக்கறது?”

முந்தின நாளிலிருந்து பயந்தது இந்த ஒரு வார்த்தையில் கரைந்து போனது. நான் சிரித்துக்கூட விட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. உடைந்த துண்டை மறுபடியும் எடுத்து, விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“சுதா, அவரோட ஸ்கூட்டர்ல ஒடிஞ்சுதே ஒரு கம்பி. அதுலயும் இப்படி ஏதாவது ஒரு புள்ளி இருந்திருக்குமோ?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “ரகுவுக்கு டைபாய்டு வந்தப்போ வடபழனிக்குப் பால்குடம் எடுக்கறேன்னு வேண்டிண்டேன். அவனுக்கு சரியாப் போச்சு. நான் அப்புறம் அப்புறம்னு தள்ளிப் போட்டுட்டேன். அதுக்குள்ள அவர் போயிட்டார். அப்புறம் எடுத்து என்ன பிரயோஜனம்? புள்ளையைக் கொடுத்துட்டு அவரை எடுத்துண்டான்னு இத்தனை வருஷமா நான் யார்கிட்டயும் சொல்லலை.”

சோதனை அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுத எனக்கு எப்போதும் பிடிக்காது. அன்றைக்கு வேறு வழியில்லை.

“இருந்திருக்கலாம்மா. வண்டியை யாரும் பார்க்கலையே, அதனால என்னால சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் எத்தனையோ உடைஞ்சதைப் பார்த்திருக்கேன். எல்லாத்துலயும் ஒரு குழி, ஒரு கீறல், ஒரு தேய்மானம் இருந்தது. வேண்டுதல் பாக்கின்னு எந்த இரும்பும் ஒடிஞ்சு நான் பார்த்ததில்லை.”

அவர் அழுதார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், ரொம்ப நேரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சக் கீரையை நான் ஆய்ந்தேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இதை நீ ரகுகிட்ட சொல்லாதே. மாட்டுப்பொண் பழி போட்டான்னு நாளைக்கு நாலு பேர் பேசப்படாது. நான் சொல்லிக்கறேன்.”

ரகு ஆறு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமியார் உடைந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

“டேய் ரகு, நாளைக்கு அந்த வேளச்சேரி ஆளை வரவேண்டாம்னு சொல்லு. சாமி ஒண்ணும் வேண்டாங்கலைடா. உன் வண்டியைக் கெடுத்தவ நான்தான்.”